வயலுக்குச் செயலியும் திறந்த தரவும்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கைப்பேசியில் விவசாயச் செயலிகளைத் தேடினால் பட்டியல் நீண்டுகொண்டே போகும். நாலைந்தை இறக்கி, எல்லாவற்றிலும் பெயரும் எண்ணும் கொடுத்து, அறிவிப்புத் தொல்லை தாங்காமல் ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் நீக்கிவிடுவதுதான் பலருக்கும் நடக்கிறது. செயலியிலிருந்து தொடங்குவதால் வரும் வினை இது. முடிவிலிருந்து தொடங்குங்கள். நாளைக்குத் தண்ணீர் பாய்ச்சலாமா? வயலின் எந்த மூலையில் பயிர் பின்தங்குகிறது? இந்த இலைப்புள்ளிக்கு மருந்து அடிக்க வேண்டுமா, விட்டுவிடலாமா? இப்படி ஒரே ஒரு கேள்வியை ஒரு பருவத்துக்கு எடுத்துக்கொண்டால் போதும். எந்தத் தரவு வேண்டும், எந்தச் செயலி வேண்டும் என்பதைக் கேள்வியே சொல்லிவிடும்.

திறந்த தரவு என்பது யாரும் இலவசமாக எடுத்து, பயன்படுத்தி, மாற்றி, மறுபடி பகிர உரிமம் கொடுத்திருக்கும் தரவு. இணையத்தில் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் திறந்த தரவு ஆகிவிடாது. உரிமம் என்ன என்று எழுதியிருக்க வேண்டும். கணினி படிக்கும் வடிவத்திலும் இருக்க வேண்டும். ஸ்கேன் செய்த படமாகக் கிடக்கும் அட்டவணையை வைத்துக்கொண்டு பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் 1972 முதல் பூமியைப் படமெடுத்து வருகின்றன. ஆனால் அந்தப் படங்கள் எல்லாருக்கும் இலவசமானது 2008இல்தான். இன்று பயிர்ச் செயலிகளில் பல இப்படிப்பட்ட பொதுத் தரவின் மேல்தான் ஓடுகின்றன. கட்டணச் செயலி ஒன்று காட்டும் பச்சை, மஞ்சள் வரைபடம் பல நேரம் நீங்களே இலவசமாகப் பார்க்கக்கூடிய அதே செயற்கைக்கோள் படம்தான்.

முதலில் கட்டத்தின் அளவைக் கேளுங்கள்

இந்தத் தரவுகளில் பெரும்பாலானவை பூமியைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு எண்ணைத் தருகின்றன. கட்டத்துக்குள் மேடு, பள்ளம், களிமண், மணல் எல்லாம் இருந்தாலும் எண் ஒன்றுதான். கட்டத்தின் பக்கம் எத்தனை மீட்டர் என்று தெரிந்துவிட்டால், அந்தத் தரவை எதற்கு நம்பலாம், எதற்கு நம்பக் கூடாது என்பது பாதி விளங்கிவிடும்.

சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் கட்டம் 10 மீட்டர். லேண்ட்சாட்டில் 30 மீட்டர். உலக மண் வரைபடமான சாயில்கிரிட்ஸில் 250 மீட்டர். சிர்ப்ஸ் என்ற மழைத் தரவில் சுமார் 5 கிலோமீட்டர். நாசாவின் பவர் தரவில் வெப்பநிலை, மழை, ஈரப்பதம் ஆகியவற்றுக்குக் கட்டம் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். அதாவது, மழை எண்ணைப் பொறுத்தவரை நீங்களும் அடுத்த ஊர்க்காரரும் ஒரே கட்டத்தில்தான் இருக்கிறீர்கள். அவர் நிலத்தில் பெய்து உங்கள் நிலத்தில் பெய்யாமல் போனது அந்தக் கட்டத்துக்குத் தெரியாது.

இதனால் தரவே பயனில்லை என்று ஆகிவிடாது. ஒவ்வொரு தரவுக்கும் பக்கத்தில் உங்கள் கையால் அளந்த ஒன்றை வைத்துக்கொண்டால் சரியாகப் போகும். மழைத் தரவுக்கு மழைமானி, மண் வரைபடத்துக்கு மண் பரிசோதனை, செயற்கைக்கோள் படத்துக்கு ஒரு நடை. கீழே வரும் ஒவ்வொரு படியிலும் இந்த ஜோடி வரும்.

வயலின் எல்லையைக் கோப்பாக்குங்கள்

இது ஒரு முறை செய்யும் வேலை, ஆனால் மற்ற எல்லாவற்றுக்கும் அடிப்படை. நடந்தே எல்லை போடும் செயலி ஒன்றைத் திறந்து வரப்போரமாகச் சுற்றி வாருங்கள். திறந்த வானத்தின் கீழ் கைப்பேசியின் இடங்காட்டி (ஜி.பி.எஸ்.) பொதுவாக 5 மீட்டர் வரை பிசகும். மரத்தடியில் இன்னும் கூடும். ஒரு ஏக்கர் சதுர நிலத்தின் பக்கமே சுமார் 64 மீட்டர்தான் என்பதால் இந்தப் பிசகு சின்னதல்ல. நடந்து முடித்தபின் செயற்கைக்கோள் படத்தின் மேல் அந்தக் கோட்டை வைத்து, வரப்பு தெரியும் இடத்துக்கு முனைகளை இழுத்துச் சரிசெய்யுங்கள். பெரிய திரையில் செய்தால் கண்ணுக்கு நல்லது.

சேமிக்கும்போது கே.எம்.எல். அல்லது ஜியோஜேசன் வடிவத்தில் சேமியுங்கள். ஏறக்குறைய எல்லா வரைபடக் கருவிகளும் இந்த இரண்டையும் படிக்கும். ஜியோஜேசனில் தீர்க்கரேகை முதலில், அட்சரேகை இரண்டாவதாக வரும். நாம் வாயால் சொல்லும் வரிசைக்கு நேர் எதிர். கையால் எண்களைத் தட்டச்சு செய்யும்போது மாற்றிப் போட்டால் உங்கள் நிலம் ஏதோ ஒரு கடலின் நடுவில் போய் நிற்கும். வரைபடத்தில் வயலைக் காணோம் என்றால் முதலில் இதைச் சோதியுங்கள்.

இந்தக் கோடு தரவு பார்ப்பதற்கு மட்டும்தான். எல்லைத் தகராறில் இதை நீட்டாதீர்கள், அதற்கு அளவையர் வேண்டும்.

மழையும் தண்ணீரும்

புதிதாக வருபவர்கள் இங்கேதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. செயற்கைக்கோள் படம் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அன்றாடம் பலன் தருவது தண்ணீர்க் கணக்குதான்.

முதலில் ஒரு மழைமானி. அடியும் வாயும் ஒரே அகலமாக உள்ள நேரான பாத்திரம் எதுவும் போதும். அதில் 10 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் 10 மில்லிமீட்டர் மழை. மரம், சுவர் போன்றவற்றின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரமாவது தள்ளி வையுங்கள். தினமும் காலையில் ஒரே நேரத்தில் பார்த்து எழுதிவிட்டுக் கொட்டிவிடுங்கள்.

அடுத்து, கடந்த கால மழை. நாசா பவரின் இணையப் பக்கத்தில் வரைபடத்தில் உங்கள் இடத்தைத் தொட்டு, தேதிகளைக் கொடுத்து, மழை, அதிகபட்ச வெப்பநிலை, குறைந்தபட்ச வெப்பநிலை ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்தால் 1981 முதல் நாள்வாரியாகச் சி.எஸ்.வி. கோப்பு கிடைக்கும். அதை எந்த விரிதாளிலும் திறக்கலாம். உள்ளே சில இடத்தில் -999 என்று இருந்தால் பயப்பட வேண்டாம்: அந்த நாளுக்குத் தரவு இல்லை என்று அர்த்தம். அந்த வரிகளை நீக்கிவிட்டுத்தான் சராசரி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மாத மழை கழித்தல் குறியோடு வந்து நிற்கும்.

இந்த நீண்ட கால வரிசையை எதற்குப் பயன்படுத்தலாம்? விதைப்பு வாரத்தை முடிவு செய்ய. நீங்கள் விதைக்க நினைக்கும் வாரத்துக்கு அடுத்த இருபது நாள்களில், கடந்த முப்பது ஆண்டுகளில் எத்தனை ஆண்டு தொடர்ந்து பத்து நாள் மழையே இல்லாமல் போனது என்று எண்ணிப் பாருங்கள். பிறகு ஒரு வாரம் தள்ளி அதே கணக்கைப் போடுங்கள். இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்தால் எந்த வாரத்தில் துணிச்சல் அதிகம் தேவை என்று தெரியும். இந்த வேலைக்கு மழை மட்டும் போதும் என்பதால், கட்டம் சிறியதாக உள்ள சிர்ப்ஸ் தரவு கிடைத்தால் அதை எடுங்கள். அதுவும் 1981 முதல் இருக்கிறது.

இனி, எவ்வளவு தண்ணீர் என்ற கணக்கு. ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பு 1998இல் வெளியிட்ட முறைதான் இதில் எல்லாரும் பின்பற்றுவது. வெயில், வெப்பம், காற்று, ஈரப்பதம் ஆகியவற்றை வைத்து, நன்றாகத் தண்ணீர் பாய்ந்த ஒரு புல்வெளி ஒரு நாளில் இழக்கும் நீரைக் கணக்கிடுவார்கள். பல வானிலைச் சேவைகள் இந்த எண்ணை மில்லிமீட்டரில் நேரடியாகவே தருகின்றன. அதைப் பயிருக்கான குணகத்தால் பெருக்க வேண்டும். தக்காளிக்கு அந்த வழிகாட்டியில் உள்ள குணகம் நட்ட புதிதில் 0.6, காய்ப்பு நேரத்தில் 1.15.

ஒரு நாளின் எண் 5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நட்ட புதிதில் 5 × 0.6 = 3 மில்லிமீட்டர். காய்ப்பில் 5 × 1.15 = 5.75 மில்லிமீட்டர். ஒரு ஏக்கரில் 1 மில்லிமீட்டர் என்பது சுமார் 4,047 லிட்டர். ஆக நட்ட புதிதில் நாளொன்றுக்கு 12,000 லிட்டர் சொச்சம், காய்ப்பில் 23,000 லிட்டர் சொச்சம். இரண்டு நேரத்திலும் ஒரே மணிக்கணக்கில் மோட்டாரை ஓட்டினால் ஒன்று செடி வாடும், அல்லது தண்ணீர் வீணாகும். லிட்டரை மணிக்கணக்காக மாற்ற, 200 லிட்டர் பீப்பாய் ஒன்றை நிரப்பி நேரம் பாருங்கள். 40 விநாடியில் நிரம்பினால் மணிக்கு 18,000 லிட்டர். காய்ப்புக் காலத்தின் ஒரு நாள் தேவைக்கு ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். வாய்க்காலில் ஓடும்போது இழப்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மழை பெய்திருந்தால் உங்கள் மழைமானி காட்டிய அளவைத் தேவையிலிருந்து கழியுங்கள்.

கணக்கு சொன்னதற்காக மண்ணைப் பார்க்காமல் மோட்டாரைப் போட வேண்டாம். வேர் இருக்கும் ஆழத்தில் ஒரு கைப்பிடி எடுத்துப் பிசைந்து பாருங்கள். காய்ச்சலும் பாய்ச்சலுமாக வளர வேண்டிய பயிருக்கு அந்த இடைவெளியைக் கணிப்பதற்குத்தான் இந்த எண், கண்ணை மூடிக்கொண்டு தினமும் ஊற்றுவதற்கு அல்ல.

வானிலை முன்னறிவிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. மழை வாய்ப்பு 60 விழுக்காடு என்றால், அதே மாதிரி சொல்லப்பட்ட பத்து நாள்களில் ஆறு நாள் மழை வரும் என்று பொருள். மீதி நாலு நாள் வராததற்கு யாரையும் திட்ட முடியாது. மருந்து அடிப்பதற்கு முன்னால் மழையோடு காற்றின் வேகத்தையும் பாருங்கள். காற்று அதிகமானால் மருந்து அடுத்த வயலுக்குப் போகும் என்பது எல்லாருக்கும் தெரியும். இலை அசையாத விடிகாலையிலும் நுண்துளிகள் அந்தரத்தில் தங்கி நகர்ந்துவிடும் என்பது அவ்வளவாகத் தெரிவதில்லை.

வானத்திலிருந்து வயல்

கோப்பர்நிக்கஸ் உலாவி என்ற ஐரோப்பிய இணையப் பக்கத்தில் சென்டினல்-2 படங்களை இலவசமாகப் பார்க்கலாம். 2015இல் ஒன்றும் 2017இல் ஒன்றுமாக ஏவப்பட்ட இரண்டு செயற்கைக்கோள்கள் சேர்ந்து ஐந்து நாளுக்கு ஒரு முறை ஒரே இடத்தைக் கடக்கும் வகையில் அமைக்கப்பட்ட திட்டம் இது. மேகம் மறைத்தால் அந்த முறை போச்சு. மழைக்காலத்தில் மாதம் ஒரு நல்ல படம் கிடைத்தாலே அதிர்ஷ்டம்.

பக்கத்தைத் திறந்ததும் உங்கள் எல்லைக் கோப்பை ஏற்றுங்கள். தேதியைத் தேர்ந்தெடுத்து முதலில் இயல்பான நிறப் படத்தைப் பாருங்கள். மேகமோ மேக நிழலோ வயல் மேல் விழுந்திருந்தால் அந்தத் தேதியை விட்டுவிடுங்கள். நிழலைப் பயிர்க் கோளாறு என்று நினைத்து ஏமாறுவது சுலபம். சுத்தமான தேதி கிடைத்த பிறகுதான் என்.டி.வி.ஐ. அடுக்குக்கு மாற வேண்டும்.

என்.டி.வி.ஐ. என்பது ஒரு சின்னக் கணக்கு. ஆரோக்கியமான இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும், கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அடிக்கும். அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டலால் வகுத்தால் வரும் எண் அது. வெறும் மண்ணுக்கு 0.1, 0.2 என்று வரும். அடர்ந்த பயிருக்கு 0.8க்கு மேலும் போகும். பயிர் நன்றாக மூடிவிட்டால் எண் மேலே ஏறாமல் நின்றுவிடும், அதன் பிறகு நல்ல பயிருக்கும் மிக நல்ல பயிருக்கும் வித்தியாசம் தெரியாது. களைக்கும் பயிருக்கும் உள்ள வித்தியாசம் அதற்கு எப்போதுமே தெரியாது, பச்சை என்றால் பச்சைதான்.

இப்போது கட்டத்துக்கு வருவோம். ஒரு ஏக்கர் சதுர நிலத்தில் 10 மீட்டர் கட்டங்கள் ஏறக்குறைய ஆறுக்கு ஆறு, மொத்தம் 36. அதில் ஓரத்தில் இருக்கும் 20 கட்டங்களில் வரப்பு, பாதை, பக்கத்து வயல் எல்லாம் கலந்துவிடும். முழுக்க உங்களுடையது என்று நம்பக்கூடியவை நடுவில் உள்ள 16தான். கால் ஏக்கரில் இந்தக் கணக்கைப் போட்டால் ஒன்றே ஒன்று மிஞ்சும். அதனால் சிறு நிலத்துக்கு இந்தப் படத்தை வைத்து உர அளவு சொல்லும் செயலியை நான் நம்ப மாட்டேன். இரண்டு, மூன்று ஏக்கருக்கு மேல் ஒரே பயிர் இருந்தால், எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று காட்டும் விரலாக இது மிக நன்றாக வேலை செய்யும்.

பயன்படுத்தும் விதம் எளிது. ஒரே தேதியில், ஒரே வயலுக்குள் ஒப்பிடுங்கள். கடைமடை ஓரம் மட்டும் எண் குறைவாக இருக்கிறதா? அதற்கு முந்தைய சுத்தமான படத்திலும் அப்படியேவா? போன ஆண்டு அதே பருவத்திலும் அங்கேயேவா? மூன்றுக்கும் ஆம் என்றால் அது நோயாக இருக்க வாய்ப்புக் குறைவு; மண்ணோ, மட்டமோ, தண்ணீர் ஏறாததோதான் காரணமாக இருக்கும். சென்ற படத்தில் இல்லாமல் இந்த முறை திடீரென்று திட்டாக வந்திருந்தால் அன்றைக்கே அங்கே நடந்து போங்கள். கைப்பேசியில் அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு போய், நல்ல இடத்தில் ஒரு செடி, மோசமான இடத்தில் ஒரு செடி பிடுங்கி வேரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் படம் சொல்லாத காரணம் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

மண்

சாயில்கிரிட்ஸ் நெதர்லாந்தின் வாகெனிங்கனில் உள்ள உலக மண் தகவல் மையம் தயாரித்தது. களி, மணல், அங்ககக் கரிமம், கார அமில நிலை என்று மேற்பரப்பிலிருந்து இரண்டு மீட்டர் ஆழம் வரை ஆறு அடுக்குகளாகத் தருகிறது. ஒரு கட்டம் 250 மீட்டர், அதாவது பதினைந்து ஏக்கருக்கும் மேல். கார அமில நிலையைப் பத்தால் பெருக்கி வைத்திருப்பார்கள். 65 என்று இருந்தால் 6.5. இது உங்கள் வட்டாரத்து மண்ணின் போக்கைத் தெரிந்துகொள்ள உதவும். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து எவ்வளவு போட வேண்டும் என்பதற்கு ஆய்வகத்தில் மண் பரிசோதனை செய்வதைத் தவிர வேறு வழி கிடையாது. அந்த முடிவு வந்ததும் தாளைப் படமெடுத்து, மண் எடுத்த இடத்தின் இடங்காட்டி எண்ணோடு (அட்சரேகை, தீர்க்கரேகை) சேமித்துவிடுங்கள்.

இலையைப் படமெடுத்து நோய் கேட்பது

செயலிகளில் அதிகம் பயன்படுவதும் அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். பிளான்ட்வில்லேஜ் என்ற திட்டம் 54,000க்கும் மேற்பட்ட இலைப் படங்களைத் திறந்த தரவாக வெளியிட்டது. அதை வைத்துப் பயிற்றுவித்த கணினி மாதிரி ஒன்று, அதே தொகுப்பிலிருந்து ஒதுக்கி வைத்த படங்களில் 99 விழுக்காடு சரியாகச் சொன்னதாக 2016இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். வேறு சூழலில் எடுத்த படங்களைக் கொடுத்தபோது அந்தக் கணினி மாதிரியின் துல்லியம் சுமார் 31 விழுக்காட்டுக்கு இறங்கியதையும் அவர்களே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். சமமான பின்னணியில் ஒற்றை இலையாக எடுத்த படங்களில் பழகிய கண்ணுக்கு, நிழலும் தூசியுமாக இருக்கும் வயல் இலை புதிது. இப்போதைய செயலிகள் அதைவிட முன்னேறியிருக்கின்றன. ஆனாலும் ஒரு செயலி 95 விழுக்காடு என்று விளம்பரம் செய்தால், எங்கே எடுத்த படங்களில் என்று கேட்பது நம் உரிமை.

படத்தை ஒழுங்காக எடுத்தால் பாதி வேலை முடியும். உச்சி வெயிலில் வேண்டாம், கைப்பேசியின் ஃபிளாஷ் வெளிச்சமும் வேண்டாம். உங்கள் உடம்பின் நிழலிலேயே இலையைப் பிடித்து எடுங்கள். இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம், முழுச் செடி, பிறகு எட்ட நின்று வயல். செயலி ஒரு பெயர் சொன்னால் அதன் இரண்டாவது, மூன்றாவது பதிலையும் பாருங்கள்.

அப்புறம் இரண்டு கேள்விகளை நீங்களே கேளுங்கள். மஞ்சள் எந்த இலையில் தொடங்கியது? கீழே பழைய இலையிலிருந்து மேலேறினால் தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம். மேலே இளம் இலையில் நரம்பு மட்டும் பச்சையாக, இடைப்பகுதி மஞ்சளாக இருந்தால் இரும்புச்சத்துக் குறைவைச் சந்தேகிக்கலாம். அடுத்து, வயல் முழுக்க ஒரே மாதிரியா, திட்டுத்திட்டாகவா? பூச்சியும் நோயும் பெரும்பாலும் திட்டில் தொடங்கிப் பரவும். இந்த இரண்டு பதிலும் செயலியின் பதிலோடு ஒத்துப்போகவில்லை என்றால் மருந்துக் கடைக்குப் போகாதீர்கள், வேளாண் அலுவலரிடம் போங்கள். மருந்து விற்கும் நிறுவனமே நடத்தும் செயலி என்றால் அது கடைசியில் எதைப் பரிந்துரைக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

குறிப்பேடும் செயலித் தேர்வும்

பதிவேட்டுக்கு விரிதாள் ஒன்றே போதும். தேதி, வயல், செய்த வேலை, அளவு, அலகு, செலவு. தேதியை 2025-03-07 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் எழுதினால் கணினி குழம்பாது, வரிசைப்படுத்தவும் எளிது. அளவையும் அலகையும் தனித்தனிக் கட்டத்தில் போடுங்கள். "2 மூட்டை" என்று ஒரே கட்டத்தில் எழுதினால் பின்னால் கூட்ட முடியாது. பலர் சேர்ந்து பதிய வேண்டுமானால் கோபோடூல்பாக்ஸ், ஓ.டி.கே. போன்ற படிவக் கருவிகள் இணையம் இல்லாத இடத்திலும் வேலை செய்யும், சிக்னல் வந்ததும் அனுப்பிவிடும். முழுப் பண்ணையையும் நிர்வகிக்க ஃபார்ம்ஓஎஸ் என்ற திறந்த மூல மென்பொருள் இருக்கிறது. முதல் பருவத்திலேயே அதில் இறங்க வேண்டாம்.

புதுச் செயலி எதையும் நிறுவும் முன் இவற்றைப் பாருங்கள்: கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள், இணையம் இல்லாமல் ஓடுமா, தரவு எங்கிருந்து வருகிறது என்று சொல்லியிருக்கிறார்களா, நான் பதிந்ததைக் கோப்பாக வெளியே எடுக்க முடியுமா. கடைசிக் கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால் நான் அதோடு நிறுத்திக்கொள்வேன். மழைச் செயலி தொடர்புகள் பட்டியலைக் கேட்டாலும் அப்படியே.

சந்தை விலைச் செயலிகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. விலை எந்தத் தேதியுடையது, எந்தத் தரத்துக்கு, குறைந்தபட்சமா சராசரியா என்று பார்த்துவிட்டு வண்டிக் கூலியைக் கழியுங்கள்.

ஒரு பருவம் முடிந்ததும் உங்களிடம் மழைமானி அளவும் பயிர்ப் பதிவும் சேர்ந்திருக்கும். இது அந்தப் பெரிய கட்டங்களில் எதிலும் இல்லாத தரவு. வட்டாரத்துக்கு மிகவும் பயன்படும். பகிர விரும்பினால் பெயர், தொலைபேசி எண், வருமானம், கடன் ஆகியவற்றை நீக்கிவிட்டு, என்ன உரிமத்தில் கொடுக்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். இடங்காட்டி எண்ணில் புள்ளிக்குப் பிறகு ஐந்து இலக்கம் இருந்தால் ஒரு மீட்டர் துல்லியத்தில் உங்கள் வரப்பு தெரிந்துவிடும். மழை அளவுக்கு இரண்டு இலக்கம் போதும். அது ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் வட்டாரத்தை மட்டும் காட்டும், யார் நிலம் என்று காட்டாது.